ஒரு செட்டு மாத்திரையும் எட்டு மணி நேரமும்

எங்கள் பக்கத்து ஊர்களில் மெடிக்கல் கடைக்குப் போய் யாரும் மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுப்பா" என்பார்கள். கடைக்காரர் நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு மடித்துக் கொடுப்பார். கத்தரித்த துண்டில் மருந்தின் முழுப் பெயர் இருக்காது. 'மி.கி.' என்ற அளவின் பாதி இருக்கும், இல்லையென்றால் கம்பெனிப் பெயரின் கடைசி இரண்டு எழுத்து. காலையில் ஒரு செட்டு, ராத்திரி ஒரு செட்டு. கரும்பு வெட்டு, நடவு, செங்கல் சூளை, கட்டட வேலை, துப்புரவு என்று உடம்பை விற்றுப் பிழைக்கும் எல்லா வேலைக்கும் பின்னால் இந்தக் கவர் இருக்கிறது.

அந்தக் கவரைப் பிரித்து என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பது கொஞ்ச நாளாக எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் ஒன்று டைக்லோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ பாராசிட்டமாலுடன் சேர்ந்த வலி மாத்திரை. காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் தனியாக ஒரு பாராசிட்டமால். சளி இருக்கிறதென்றால் ஒரு சளி மாத்திரை, அதற்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும். அப்புறம் வயிற்றுப் புண் வராமலிருக்க ஒன்று, 'சத்துக்கு' ஒன்று. ஆக, ஒரே மருந்து ஒரே வேளையில் மூன்று வேடத்தில் உள்ளே போகிறது. வீட்டில் ஏற்கெனவே வாங்கி வைத்த டோலோ 650 இருந்தால் அதையும் போட்டுக்கொள்வார்கள். இதை யாரும் 'ஓவர்டோஸ்' என்று நினைப்பதில்லை. அந்தச் சொல் தற்கொலை முயற்சிக்கு மட்டும் உரியது என்றுதான் படித்தவர்களும் நினைக்கிறார்கள்.

பாராசிட்டமால் அளவு மீறினால் என்ன செய்வது என்று விளக்கமாக எழுதச் சொன்னவர்கள் விடுதி மாணவிகள். ஏன் கேட்டார்கள் என்பது பின்னால் வரும். கீழே வரும் இருவரின் அடையாளமும் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

முதலில் கரும்பு வெட்டும் அக்கா. வெட்டு சீசனில் மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். அட்வான்ஸ் வாங்கியவருக்குக் காய்ச்சலுக்கு லீவு கிடையாது. நாலு நாள் காய்ச்சல், நாலு நாளும் வேலை, நாலு நாளும் செட்டு. சாப்பாடு இறங்கவில்லை, டீயும் பன்னும்தான். ஐந்தாம் நாள் வாந்தி. ஆறாம் நாள் கண் மஞ்சளாயிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்ல, கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவரிடம் கூட்டிப் போனார்கள். அங்கே ஒன்றரை நாள் போயிற்று. பிறகு ஆள் தெளிவில்லாமல் பேசத் தொடங்கியதும்தான் பெரிய ஆஸ்பத்திரி.

அவசர சிகிச்சைப் பிரிவில் கேட்ட முதல் கேள்வி: "என்ன விஷம் குடிச்சே?" 

"விஷம் எல்லாம் குடிக்கலீங்க சார். உடம்பு வலிக்கு மாத்திரை போட்டேன்."

"புருஷன் கூடச் சண்டையா?"

இரண்டாவது கேள்விக்கு அவருடைய மகன்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா இறந்து மூன்று வருஷமாகிறது என்று. நாங்கள் அந்தப் பையனை வீட்டுக்கு அனுப்பி, குப்பையிலிருந்தாவது சரி, மாத்திரைக் கவர்களையெல்லாம் எடுத்துவரச் சொன்னோம். ஒரு பாலித்தீன் பை நிறையக் கொண்டுவந்தான். பயிற்சி மருத்துவர் ஒருவர், இருபத்து மூன்று வயதிருக்கும், அந்தத் துண்டு அட்டைகளை மேசையில் பரப்பி, எழுத்துகளைக் கூட்டிப் படித்து, ஒரு தாளில் கூட்டல் போட்டார். பாராசிட்டமால் மட்டும் தனியாக. கூட்டி முடித்ததும் எழுந்து போய்த் தன் சீனியரை அழைத்து வந்தார். அன்று மாலையே முறிவு மருந்து ஏறத் தொடங்கியது. அக்கா பிழைத்துக்கொண்டார். பத்து நாள் படுக்கை, அதற்குப் பிறகும் இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. அட்வான்ஸ் அடுத்த சீசனுக்கு ஏறிவிட்டது.

அந்தப் பயிற்சி மருத்துவர் செய்தது பெரிய மாயம் எதுவுமில்லை. "விஷம் குடிக்கலீங்க" என்று ஒரு கூலிக்காரப் பெண் சொன்னதை நம்பினார்.

இந்த மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களின் உடம்பு இதில் எங்கே நிற்கிறது என்பது அங்கேதான் புரியும். பாராசிட்டமாலைக் கல்லீரல் பெரும்பாலும் தீங்கில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் நாப்கி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நச்சுப் பொருளாக மாறும். அதை அடக்கக் கல்லீரலில் குளூட்டாதயோன் என்று ஒரு பொருள் இருப்பில் இருக்கிறது. சரியான அளவில் மாத்திரை போட்டால் இருப்பு போதும். அளவு மீறினால் நச்சுப் பங்கு கூடும், இருப்பு தீரும். ரேஷன் கடையில் சரக்கு தீர்ந்த பிறகு வரிசையில் நிற்பவர் கதிதான் கல்லீரல் செல்களுக்கு. அவை சாகத் தொடங்குகின்றன. இந்த வழிமுறையை 1973இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

அந்த இருப்பு எல்லோருக்கும் ஒரே அளவா? இல்லை. குளூட்டாதயோன் உண்டாவதற்கு சிஸ்டீன் என்கிற அமினோ அமிலம் வேண்டும். அது புரதத்திலிருந்து வருவது. நாலு நாள் சாப்பிடாமல் காய்ச்சலில் கிடந்தவருக்கும், வருஷக் கணக்கில் அரைவயிற்றில் வேலை செய்பவருக்கும் இருப்பு குறைவு. தினமும் குடிப்பவருக்கு இருப்பும் குறையும், நச்சாக மாறும் பங்கும் கூடும். சாக்கடைக்குள் இறங்கும் ஆண்கள் ஏன் குடிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். நாற்றம் தாங்குவதற்குக் குடி, குடித்து எழுந்த தலைவலிக்கு மாத்திரை. காசநோய் மருந்தோ வலிப்பு மருந்தோ சாப்பிடுகிறவர்களிடமும் மருத்துவர்கள் கூடுதல் கவனம் எடுப்பார்கள். காசநோய் யார் வீட்டில் அதிகம் என்று கேட்டுப் பாருங்கள்.

பெரியவர் ஒருவர் 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 4 கிராம், ஒவ்வொரு வேளைக்கும் நடுவில் குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளி என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. அது வயிறாரச் சாப்பிடுகிற, நல்ல எடையுள்ள, குடிப்பழக்கமில்லாத உடம்பை மனதில் வைத்து எழுதப்பட்டது. 50 கிலோவுக்குக் கீழே இருந்தால் மருத்துவர்கள் அதைக் குறைத்தாக வேண்டும். எங்கள் ஊரில் கரும்பு வெட்டும் பெண்களில் 50 கிலோவைத் தாண்டியவர்களை விரல் விட்டு எண்ணலாம். (நம் வீட்டு மாட்டுக்கறியைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவர்களுக்கு ஒரு தகவல்: மலிவாகக் கிடைக்கும் புரதத்தை மக்களின் தட்டிலிருந்து பிடுங்குவது கல்லீரல் விவகாரமும்தான்.)

வேலையிடத்திலேயே மாத்திரை கொடுக்கிற ஏற்பாடும் உண்டு. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்களில் மாதவிடாய் வலிக்குப் பெயரில்லாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்களே கொடுத்து வேலை வாங்குவதை வெளிக்கொண்டு வந்தது. அந்தச் செய்தி வந்தபோது எங்கள் மில் தொழிலாளிப் பெண்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. "இது ஒரு நியூஸாக்கா?" என்று கேட்டார்கள்.

எங்களை அலைக்கழித்த இன்னொரு விஷயம். பாராசிட்டமால் மிகையளவுக்கு மருத்துவப் புத்தகத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. 1975இல் ரூமாக், மேத்யூ என்ற இருவர் வெளியிட்டது. மாத்திரை சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று, இரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது, இரண்டும் சந்திக்கும் புள்ளி கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று பார்த்து முறிவு மருந்து கொடுப்பதை முடிவு செய்வார்கள். ஆனால் ஒரே தடவையில், எந்த நேரம் என்று தெரிந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் அது பொருந்தும். நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக மீறியவர்களுக்கு அந்தக் கோடு எதையும் சொல்லாது. அவர்களுக்கு என்ன சாப்பிட்டார்கள் என்ற கணக்கையும் கல்லீரல் சோதனைகளையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இரத்தத்தில் பாராசிட்டமால் குறைவாக இருக்கிறதே என்று அனுப்பிவிடக் கூடாது. முதுகலையில் துர்கைம் படித்தபோது தற்கொலையை அவர் வகை வகையாகப் பிரித்ததை மனப்பாடம் செய்தோம், 1897ஆம் ஆண்டுப் புத்தகம். நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காக இன்றைக்கு நஞ்சாகும் அளவு மாத்திரை போடுகிறவர் அவருடைய அட்டவணையிலும் இல்லை, இந்த வரைபடத்திலும் இல்லை.

இனி விடுதி.

ஆதிதிராவிடர் நல விடுதி ஒன்றிலிருந்து இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது. பேசிய மாணவி கிசுகிசுப்பாகப் பேசினாள். அறைத்தோழி அன்று மாலை பாராசிட்டமால் மாத்திரைகளை அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறாள், இப்போதுதான் சொன்னாள். "ஆனா நல்லாத்தான்கா இருக்கா. ஒரு தடவை வாந்தி எடுத்தா, இப்ப பேசிட்டிருக்கா. வார்டனுக்குத் தெரிஞ்சா விடுதியை விட்டு அனுப்பிடுவாங்க. காலையில பஸ்ஸுல கூட்டிட்டுப் போலாமா?"

இந்த மருந்தின் கொடூரமே "நல்லாத்தான்கா இருக்கா" என்பதில் இருக்கிறது. பூச்சிமருந்தென்றால் பார்ப்பவருக்கே தெரியும், ஊரே தூக்கிக்கொண்டு ஓடும். பாராசிட்டமால் முதல் நாள் எதையும் காட்டாது. கொஞ்சம் குமட்டல், கொஞ்சம் சோர்வு, சிலருக்கு அதுவும் இல்லை. இரண்டாம் நாள் ஆள் தேறிவிட்டதுபோலக்கூடத் தெரியும். அந்த நேரத்தில் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். வலது விலாவுக்குக் கீழே வலி, பிறகு மஞ்சள், பிறகு குழப்பமான பேச்சு, இரத்தம் உறையாமை. சேதம் உச்சத்துக்குப் போவது மூன்றாம், நான்காம் நாளில். அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பவர் ரயில் போன பிறகு ஸ்டேஷனுக்குப் போகிறார்.

ஏனென்றால் முறிவு மருந்துக்கு ஒரு நேரக்கணக்கு இருக்கிறது. சாப்பிட்டு எட்டு மணி நேரத்துக்குள் ஏறத் தொடங்கினால் கல்லீரலை ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றிவிடலாம். எட்டு மணி நேரத்துக்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பலன் குறைகிறது. குறைகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. தாமதமாக வந்தவர்களுக்கும், கல்லீரல் செயலிழக்கத் தொடங்கியவர்களுக்கும்கூட அது உதவுகிறது, கரும்பு வெட்டும் அக்காவுக்கு உதவியதைப்போல. ஆகவே "இனிமே கொண்டுபோய் என்ன பிரயோஜனம்" என்ற பேச்சுக்கு எந்த மணியிலும் இடமில்லை.

அந்த இரவு நாங்கள் போனில் சொன்னவை இவ்வளவுதான். 108ஐக் கூப்பிடு. மாத்திரை அட்டைகளை எடுத்து வை, காலியானதையும் சேர்த்து. எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள் என்று கேட்டு எழுதி வை. அவளைத் தனியாக விடாதே. திட்டாதே. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதே. கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொன்னோம். எங்கள் ஊர்களில் விஷம் என்றால் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் மருந்து வெளியே வருவதைவிட நுரையீரலுக்குள் போகும் ஆபத்து அதிகம், நேரமும் போகும். வார்டன் விஷயத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். 

ஆஸ்பத்திரியில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்திருந்தாள். சீட்டு எழுதும் மேசையில், "எந்த ஊரு?" என்ற கேள்விக்கு அவள் ஊர்ப்பெயரைச் சொல்ல, "ஊரா, காலனியா?" என்று இன்னொரு கேள்வி வந்தது. இந்தக் கேள்விக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் கேட்டோம். கேட்ட பிறகு சீட்டு வேகமாக எழுதப்பட்டது. உள்ளே ஒரு ஊழியர், "டியூப் போட்டாத்தான் அடுத்த தடவை பண்ண மாட்டாங்க" என்றார். வயிற்றைக் கழுவுவது ஒரு சிகிச்சை முறை. அதைத் தண்டனையாகப் பயன்படுத்துகிற மனநிலை நம் அவசரப் பிரிவுகளில் சர்வ சாதாரணம். பாராசிட்டமாலுக்கு வயிறு கழுவுவது வழக்கமான சிகிச்சையாக இன்று பரிந்துரைக்கப்படுவதும் இல்லை. சாப்பிட்டு முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் வந்து, ஆள் நல்ல நினைவோடு இருந்தால், மருத்துவக் கரித்தூளைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். அது குடலில் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவள் விஷயத்தில் அந்த நேரம் கடந்திருந்தது.

நாங்கள் கேட்டது ஒரே ஒரு பெயரை. அசிட்டில்சிஸ்டீன். மருத்துவர்கள் சுருக்கி 'நாக்' என்பார்கள். சளியை இளக்க 1960களிலேயே பயன்பாட்டில் இருந்த பழைய மருந்து. கல்லீரலுக்குள் போய் சிஸ்டீனாக மாறி, தீர்ந்துபோன குளூட்டாதயோன் இருப்பை நிரப்புகிறது. பாராசிட்டமால் மிகையளவால் கல்லீரல் கெடும் என்பது எடின்பரோவிலிருந்து 1966இல் பதிவானது. அதே ஊரில் பிரெஸ்காட் என்ற மருத்துவரின் குழுதான் 1970களில் இந்த மருந்தை நரம்பு வழியாகக் கொடுத்துப் பலனைக் காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, இந்தியாவின் தேசியப் பட்டியலிலும் இருக்கிறது. காப்புரிமைச் சிக்கல் எதுவுமில்லாத மருந்து.

வழக்கமான முறை இது: எடைக்கு ஏற்ப, முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 150 மில்லிகிராம், அடுத்த 4 மணி நேரத்தில் 50, அதற்கடுத்த 16 மணி நேரத்தில் 100. மொத்தம் 21 மணி நேர டிரிப்ஸ். வேறு கால அளவுகளிலும் கொடுக்கிறார்கள், அது மருத்துவரின் முடிவு. இரத்தத்தில் பாராசிட்டமால் அளவைச் சாப்பிட்டு 4 மணி நேரத்துக்குப் பிறகு எடுத்தால்தான் அர்த்தமுள்ளது. அதற்காக 4 மணி நேரம் கழித்துப் போகலாம் என்று பொருளில்லை. அந்தச் சோதனை வசதி பல தாலுகா மருத்துவமனைகளில் இருக்காது. அப்போது சோதனைக்குக் காத்திருந்து எட்டு மணி நேரத்தைத் தாண்டவிடாமல், சாப்பிட்ட கணக்கை வைத்தே தொடங்கலாம். காலி அட்டைகளும் கையில் எழுதிய நேரமும் அங்கேதான் உயிரைக் காப்பாற்றுகின்றன. அந்த அறைத்தோழி உள்ளங்கையில் பேனாவால் '6.15' என்று எழுதி வைத்திருந்தாள். டியூட்டி மருத்துவர் அதைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டே முக்கால். டிரிப்ஸ் ஏறத் தொடங்கியபோது எட்டு மணி நேரம் முடிய இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தது.

முதல் பாட்டில் ஓடும்போது அவளுக்கு உடம்பெல்லாம் அரிப்பெடுத்தது, முகம் சிவந்தது. இது இந்த மருந்துக்கு அடிக்கடி வருவதுதான். வேகத்தைக் குறைத்தோ, கொஞ்ச நேரம் நிறுத்தி அலர்ஜிக்கு ஊசி போட்டோ மீண்டும் தொடர்வார்கள். ஆனால் இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் "மருந்து ஒத்துக்கலை, கூட்டிட்டுப் போயிடலாம்" என்று கையெழுத்துப் போட்டு வெளியேறுகின்றன. அவளுடைய அம்மா விடியற்காலையில் சூளையிலிருந்து நேராக வந்திருந்தார், சேலையில் செம்மண்ணோடு. அவரும் அதையேதான் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து விளக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்படி உட்காருவதும் சமூகப்பணிதான், எந்த அறிக்கையிலும் வராது. நரம்பு வழி மருந்து கிடைக்காத இடத்தில் வாய்வழியாகவும் கொடுக்கலாம், மூன்று நாள் கணக்கு. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், பழச்சாற்றில் கலந்து கொடுப்பார்கள்.

மூன்றாம் நாள் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., இரத்தம் உறையும் நேரம் எல்லாம் கட்டுக்குள் இருந்தன. அதற்குப் பிறகு மனநல மருத்துவரைப் பார்த்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஒற்றைக் காரணம் சொல்லி முடிக்கும் கதை யாருடையதும் அல்ல. அதைச் சொல்லும் உரிமையும் அவளுடையது. இப்போது கடைசி வருஷம் படிக்கிறாள். எழுதச் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி.

காவல்துறை பற்றிய பயம்தான் அந்த இரவில் பிள்ளைகளைக் காலைவரை காத்திருக்க வைக்கப் பார்த்தது. ஆகவே இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 115, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், வழக்குத் தொடுத்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக்குகிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. பொதுஊழியரைப் பணியவைக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் தனியாக 226ஆம் பிரிவில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் 'எம்.எல்.சி. போடணும்' என்பார்கள். அது பதிவேட்டு நடைமுறை, குற்ற வழக்கு ஆகாது. போலீஸ் வரும்வரை சிகிச்சை காத்திருக்க வேண்டியதும் இல்லை. அவசர நிலையில் உயிரைக் காப்பதே முதல் கடமை என்று 1989இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனை அவசர சிகிச்சையை மறுப்பது 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவது என்று 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கில் சொன்னது. சாதியின் பெயரால் மருத்துவமனைக்குள் நுழைவதைத் தடுத்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. இந்த நான்கையும் போனில் குறித்து வைத்திருங்கள். இரவு ஒரு மணிக்கு யாரும் சட்டப்புத்தகம் தேட முடியாது.

நம் இயக்கங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. ரோகித் வேமுலா இறந்த 2016க்குப் பிறகு வளாகங்களில் சாதிக் கொடுமை பற்றி நாம் நிறையப் பேசினோம், பேச வேண்டியதும்தான். ஆனால் ஒரு மாணவரோ மாணவியோ இறந்த பிறகுதான் போஸ்டர் ஒட்டுகிறோம், வீதிக்கு வருகிறோம். இறப்பதற்கு முன்னால் ஒரு இரவு இருக்கிறது. அந்த இரவில் அறையில் இருப்பது தலைவர்களோ வழக்கறிஞர்களோ அல்ல, முதலாமாண்டு படிக்கும் இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு எட்டு மணி நேரம் என்பது தெரியுமா என்பதும் அரசியல் கேள்விதான் என்று நாங்கள் நினைக்கிறோம். சில தோழர்கள் இதைச் 'சீர்திருத்த வேலை' என்பார்கள். சொல்லட்டும்.

மாத்திரை விற்பனையைக் கட்டுப்படுத்தலாமே என்று கேட்கிறார்கள். பிரிட்டன் 1998இல் ஒரே நேரத்தில் விற்கும் பொட்டலத்தின் அளவைச் சட்டம் போட்டுக் குறைத்தது. பாராசிட்டமாலால் நேரும் இறப்புகள் அதன் பிறகு குறைந்தன. அவசர உணர்வில் செய்துவிடும் முயற்சிகளுக்கு அது நல்ல தடை, இங்கும் வர வேண்டும். ஆனால் கரும்பு வெட்டும் அக்கா ஒரு நாளும் பெரிய பொட்டலம் வாங்கியதில்லை. அவருக்கு வேண்டியது வேறு: கத்தரித்துக் கொடுத்தாலும் பெயரும் அளவும் தெரியும்படி கொடுக்க வேண்டும், கவரின் மேல் தமிழில் எழுதித் தர வேண்டும், இரண்டு மாத்திரையில் ஒரே மருந்து இருந்தால் கடையில் இருப்பவர் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமாகக் காய்ச்சலன்று கூலி போகாத ஒரு நாள் விடுப்பு வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்தக் கடைசிக் கோரிக்கையைத் தொழிலாளர் துறைக்குத் தள்ளும், அங்கிருந்து அது எங்கும் போகாது என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை.

கல்லீரல் முழுவதும் கைவிட்டுவிட்டால் மிஞ்சுவது மாற்று அறுவை சிகிச்சை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அது நடக்கிறது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் வருகிறது. ஆனால் மூன்றாம் நாள் நினைவு தப்பிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, உள்ளூர் ஆஸ்பத்திரியிலிருந்து சென்னைக்கு மாற்றி, பொருந்தும் கல்லீரல் கிடைத்து, நேரத்துக்குள் நடப்பது அரிது. அந்தக் கட்டத்துக்குப் போகவிடாமல் பார்ப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

மன உளைச்சலில் இருப்பவர்கள் 104ஐயோ 14416ஐயோ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். ஏற்கெனவே மாத்திரை போட்டாயிற்று என்றால் அழைக்க வேண்டியது 108.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தாலுகா மருத்துவமனைக்கும் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான். மூன்று கேள்வி போதும்: அசிட்டில்சிஸ்டீன் ஊசி இன்றைய தேதியில் எத்தனை இருப்பில் இருக்கிறது, கடந்த ஓராண்டில் எத்தனை நாள் இருப்பு இல்லாமல் இருந்தது, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்திடம் கடைசியாக எப்போது கேட்டுப் பெற்றீர்கள். ஊசி என்று எழுத மறந்துவிடாதீர்கள். மறந்தால் சளிக்குக் கொடுக்கும் மாத்திரைக் கணக்கை எழுதி அனுப்பிவிடுவார்கள்.